காட்டேரிக் காதல் தொடரின் இரண்டாம் பாகத்துக்கு எதிர்வினை எழுதுவது எப்படி

இரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, தூக்கமும் வராமல், போனை எடுத்து நாலு வரி கொட்டித் தீர்த்துவிடலாம் என்று தோன்றும் பாருங்கள், அந்த நேரத்தில் எதிர்வினை எழுதி வெளியிடாதீர்கள். குறிப்பு மட்டும் எடுத்து வையுங்கள். எந்த இடத்தில் அழுதீர்கள், எந்த அத்தியாயத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனீர்கள், எங்கே நாலு பக்கம் தாவினீர்கள், எந்த வரியைத் திரும்பப் படித்தீர்கள், இவ்வளவு போதும். கிண்டிலில் படிப்பவர்கள் எத்தனை சதவீதத்தில் என்றும் குறித்துக்கொள்ளலாம். கோபமோ மயக்கமோ மறுநாள் மதியத்துக்குள் பாதி வடிந்துவிடும், அதில் ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் அது எந்த இடத்தில் வந்தது என்பது மறந்துபோனால் திரும்பக் கிடைக்காது, எதிர்வினைக்கு வேண்டிய சரக்கே அந்த இடங்கள்தான்.

இதை இரண்டாம் பாகத்துக்கென்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் பாகத்தை வெறும் கையோடு படிக்கிறோம். அட்டை நன்றாக இருந்தது, தோழி சொன்னாள், படித்தோம். இரண்டாம் பாகத்துக்குப் போகும்போது கையில் ஒரு கணக்கு இருக்கிறது: இவன் அவளுக்குச் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும், செத்தவன் உண்மையில் செத்தானா என்று தெரிய வேண்டும், நான் ஆறு மாதம் காத்திருந்ததற்கு ஒரு நியாயம் கிடைக்க வேண்டும். அதிலும் இந்த மாதிரி இருட்டான காதல் கதைகளில் முதல் பாகம் பெரும்பாலும் ஒரு துரோகத்தில்தான் முடியும், ஆகவே இரண்டாம் பாகத்தைத் திறக்கும்போதே நாம் காயத்தோடு இருக்கிறோம். இதைச் சொல்லாமல் எழுதுகிற எதிர்வினை, புகழ்ச்சியாக இருந்தாலும் திட்டாக இருந்தாலும், அடுத்து படிக்கப்போகிறவருக்கு உதவாது.

முதலில் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்

கரிஸ்ஸா பிராட்பென்ட்டின் நயாக்ஸியா தொடரையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நெருக்கமான தொடர், முதல் இரண்டு பாகங்களையும் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் பாகமான ‘தி சர்பென்ட் அண்ட் த விங்ஸ் ஆஃப் நைட்’ 2022-ல் ஆசிரியரே சொந்தமாக வெளியிட்டது. இரண்டாம் பாகமான ‘தி ஆஷஸ் அண்ட் த ஸ்டார்-கர்ஸ்ட் கிங்’ 2023-ல் வந்தது. முதல் பாகத்தின் முடிவைச் சொல்லாமல் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசவே முடியாது, ஆகவே இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் அங்கங்கே அதன் நிழல் விழும்.

ஒராயா காட்டேரிகளின் நாட்டில் வளரும் மனிதப் பெண். இரவுக் குலத்து அரசர் வின்சென்ட் அவளைக் கண்டெடுத்து மகளாக வளர்க்கிறார். நூறாண்டுக்கு ஒருமுறை கெஜாரி என்று ஒரு உயிர்ப் போட்டி நடக்கிறது, ஜெயித்தவர் நயாக்ஸியா தேவியிடம் ஒரு வரம் கேட்கலாம், அதில் இறங்குகிறாள். அங்கே சக போட்டியாளனான ரைன் என்ற வாம்பயரோடு கூட்டுச் சேர்கிறாள், காதல் வருகிறது. கடைசியில் அந்த ரைனே அவள் கண்ணெதிரில் வின்சென்ட்டைக் கொன்று அரியணை ஏறுகிறான், வின்சென்ட் வெறும் வளர்ப்பு அப்பா இல்லை, பெற்ற அப்பாவேதான் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இரண்டாம் பாகம் தொடங்கும்போது, தான் வளர்ந்த அரண்மனையிலேயே அவள் கைதி, அப்பாவைக் கொன்றவனே கட்டாயக் கல்யாணத்தில் அவளுடைய கணவன்.

இப்போது இந்தப் புத்தகத்தை மூன்று பேர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போட்டிக்காகப் படித்தவர், அவருக்கு இரண்டாம் பாகம் மெதுவாகத்தான் தெரியும், ஏனென்றால் போட்டி முடிந்துவிட்டது, இனி கூட்டணியும் படையும் அரண்மனைச் சூழ்ச்சியும்தான். இன்னொருவர் காதலுக்காகப் படித்தவர், அவர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இவள் எப்போது இறங்கி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார், அவளோ சாப்பிடாமல் கத்தியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாமவர் அப்பா மகள் உறவுக்காகப் படித்தவர். நான் அந்த மூன்றாவது ஆள். எனக்கு ரைன் மேல் கோபம் கூட இல்லை, வின்சென்ட் இல்லாத அரண்மனையில் அவள் நடப்பதைப் படிக்கவே முடியவில்லை, பாதியில் மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

இந்த மூன்று பேரும் “முதல் பாகம் அளவுக்கு இல்லை” என்று எழுதினால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே இருப்பது மூன்று வேறு வேறு செய்திகள். படிக்கிற பெண் போட்டிக்காக வந்தவளாக இருந்தால் முதலாமவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அப்பாவுக்காக அழுதவளாக இருந்தால் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், எதிர்வினையின் முதல் வரியே “முதல் பாகத்தை நான் இதற்காகப் படித்தேன்” என்று இருக்கட்டும். கூச்சப்பட வேண்டியதில்லை. இறக்கை வைத்த நாயகனுக்காகப் படித்தேன் என்றால் அதையே எழுதுங்கள், அதே காரணத்துக்காகப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் சொல்தான் வேண்டும்.

கூடவே எவ்வளவு இடைவெளி விட்டுப் படித்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். 2022-ல் முதல் பாகத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தவர்களும், இரண்டும் வந்த பிறகு ஒரே மூச்சில் படித்தவர்களும் ஒரே புத்தகத்தைப் படித்ததாகச் சொல்ல முடியாது. காத்திருந்தவர் மனதில் ரைனை நூறு முறை மன்னித்துமிருப்பார், நூறு முறை தண்டித்துமிருப்பார். ஒரே மூச்சில் படித்தவருக்குக் காயம் பச்சையாக இருக்கும், ஆனால் தனியாகக் கற்பனை செய்து வைத்த இரண்டாம் பாகம் ஒன்று குறுக்கே நிற்காது.

நாயகன் காணாமல் போனால்

இரண்டாம் பாகங்கள் மேல் வருகிற பெரிய கோபம் இதுதான். நாம் யாருக்காகக் காத்திருந்தோமோ அவர் இல்லை, அல்லது இருந்தும் இல்லாதது போல் இருக்கிறார். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ தொடரில் இரண்டாம் பாகமான ‘நியூ மூன்’ 2006-ல் வந்தபோது நடந்தது அதுதான். முதல் புத்தகத்தில் ஊரே காதலித்த எட்வர்ட், இரண்டாவதில் ஆரம்பத்திலேயே பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான், புத்தகத்தின் பெரும்பகுதி அவன் இல்லாமல்தான் ஓடுகிறது. அவன் போன பிறகு வருகிற பக்கங்கள் இன்னும் நினைவிருக்கிறது: அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும், மற்றபடி வெற்றுப் பக்கம்.

அந்த வெற்றுப் பக்கங்கள் எதிர்வினை எழுதுபவருக்கு ஒரு நல்ல பாடம். ஆசிரியர் நாயகனை மறந்து தொலைத்துவிடவில்லை, இல்லாமையை வேண்டுமென்றே பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அப்படி இருக்கும்போது “ஹீரோவே இல்லை, என்ன கதை இது” என்று எழுதுவது பாதி வேலைதான். அந்த இல்லாமை உங்களை என்ன செய்தது என்று எழுதினால் முழு வேலை. வலித்ததா, அலுத்ததா? அந்த வெற்றிடத்தில் வந்து நின்ற ஜேக்கப்பை உங்களுக்குப் பிடித்துப்போனதா, பிடித்துப்போனதே உறுத்தியதா? எட்வர்ட் பக்கமா ஜேக்கப் பக்கமா என்று வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்ததற்கு வேர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருவன் கிளம்பிப் போன இடத்தில் இன்னொருவனுக்கு முந்நூறு பக்கம் கிடைத்தால் வாசகர் மனம் சும்மா இருக்காது.

ஆகவே குறை எழுதுவதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது ஆசிரியர் தெரிந்து செய்ததா, கை நழுவிப் போனதா? தெரிந்து செய்தது என்று தோன்றினால், அது என்னிடம் பலிக்கவில்லை, இந்தக் காரணத்தால், என்று எழுதுங்கள். கை நழுவியது என்று தோன்றினால் ஆதாரம் காட்டுங்கள். முதல் பாகத்தில் வெயில் பட்டால் எரிவார்கள் என்று சொல்லிவிட்டு இரண்டாவதில் மத்தியானம் சந்தையில் நடக்க விட்டால் அது நழுவல், அதில் இரண்டு பேச்சு இல்லை.

கதை சொல்கிறவர் மாறினால்

முதல் பாகத்தில் ஒருவர் கண்ணால் பார்த்த உலகத்தை இரண்டாம் பாகத்தில் இன்னொருவர் கண்ணால் காட்டுவது இந்த வகை நாவல்களில் பழைய உத்தி, பெரிய உத்தி. ஆன் ரைஸ் 1976-ல் எழுதிய ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ நாவலில் கதை சொல்வது லூயி என்ற வாம்பயர், அவன் சொல்லில் அவனை வாம்பயராக்கிய லெஸ்டாட் கொடியவன், ஆழமில்லாதவன். ஒன்பது வருஷம் கழித்து 1985-ல் வந்த ‘தி வாம்பயர் லெஸ்டாட்’டில் லெஸ்டாட்டே வாய் திறக்கிறான், லூயி சொன்னது இப்படி இல்லை என்கிறான். முதல் புத்தகத்தை நம்பி ஒன்பது வருஷம் லெஸ்டாட்டை வெறுத்த வாசகருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பிராட்பென்ட்டின் இரண்டாம் பாகத்திலும் இது நடக்கிறது. முதல் பாகம் முழுக்க ஒராயாவின் குரல். இரண்டாவதில் ரைனும் தன் வாயால் பேச ஆரம்பிக்கிறான். இதைப் பற்றி எழுதும்போது “ரைன் பார்வை வருது, சூப்பர்” என்று நிறுத்திவிடாதீர்கள், அதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்று இரண்டையும் யோசியுங்கள். எனக்குக் கிடைத்தது அவனுடைய குற்ற உணர்வு. அரியணையில் உட்கார்ந்தவன் அதை எவ்வளவு வெறுக்கிறான் என்பது அவன் சொல்லாமல் தெரிந்திருக்காது. போனது அவன் மேலிருந்த பயம். முதல் பாகத்தில் அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், இரண்டாம் பாகத்தில் அவன் மனசு திறந்தே கிடக்கிறது, இவள் எப்போது தெரிந்துகொள்வாள் என்று மட்டும்தான் காத்திருக்கிறோம். காதல் கதையில் அந்தப் பயம் வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொருவருக்கும் வேறு, ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும்.

குரல் மாறும்போது எழுத்து நடையும் மாறுகிறதா என்று பார்த்து எழுதுங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவனும் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணும் ஒரே மாதிரி வாக்கியத்தில் நினைக்கிறார்களா? அத்தியாயத் தலைப்பில் பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தி படியுங்கள். யார் பேசுவது என்று தெரிந்தால் ஆசிரியருக்கு அந்தப் பெருமையைக் கொடுங்கள்.

இருட்டைப் பற்றி எழுதும்போது

“ரொம்ப டார்க்” என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒருவருக்கு ரத்தம் சரி, சித்திரவதை ஆகாது. இன்னொருவர் போர்க்களத்தை எல்லாம் தாண்டிவிடுவார், பாலியல் வன்முறை ஒரு வரி வந்தால் கூட அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போய்விடும். இவர்கள் உங்கள் எதிர்வினையைத் தேடி வருவதே இதைத் தெரிந்துகொள்ளத்தான். ஆகவே என்ன வருகிறது, நேராக நடக்கிறதா அல்லது பழைய நினைவாகச் சொல்லப்படுகிறதா, விவரமாகவா போகிற போக்கிலா, கிட்டத்தட்ட எந்தப் பகுதியில், இந்த நாலையும் எழுதுங்கள். கதையை உடைக்காமலே இதைச் சொல்ல முடியும், யாருக்கு நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை எழுத்தாளர்களில் பலர் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு, படித்த பிறகு அது போதுமானதா குறைவானதா என்று சொன்னால் பெரிய உதவி.

சின்னப் பிள்ளைகள் விஷயம் தனி. அட்டையில் பூவும் பாம்பும் தங்க எழுத்தும் போட்டு அழகாக இருப்பதால் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு எழுதியது என்றால் அதை முதல் நாலு வரிக்குள் எழுதிவிடுங்கள்.

அப்புறம், இருட்டைக் காட்டுவதும் இருட்டை ஆதரிப்பதும் ஒன்றாகிவிடாது. கட்டாயக் கல்யாணத்தைக் கதையில் வைத்திருப்பதற்காக ஆசிரியரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கட்டாயத்தைக் கதை எப்படிப் பார்க்கிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அவளுக்கு மறுக்க இடம் இருக்கிறதா? மறுத்தால் கதை அவளைத் தண்டிக்கிறதா? அவன் செய்த தப்புக்கு அவன் என்ன இழக்கிறான், அல்லது அழகாக இருப்பதால் தப்பித்துவிடுகிறானா? நம்மூர் ஆன்லைன் நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ என்று ஒரு வகையையே பழகி வைத்திருக்கிறோம், அந்தச் சொல்லை இங்கே அப்படியே தூக்கிப் போட்டால் படிப்பவர் மனைவியை அறைகிற தொழிலதிபரைக் கற்பனை செய்துவிடுவார், ரைன் அந்த ஆள் இல்லை. என்ன செய்கிறான் என்பதைச் சொல்லுங்கள், முத்திரையைப் படிப்பவரே குத்திக்கொள்ளட்டும். இதை ரசித்துப் படிக்கிறவர்களையும் எதிர்வினையில் இழுக்காதீர்கள். புத்தகம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பிடித்த பெண்களின் ரசனையைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது எதிர்வினையே ஆகாது.

அவனா, அவரா

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல், எனக்கு மிகவும் பிடித்த சிக்கலும் இதுதான். ஆங்கிலத்தில் படிக்கிறோம், அங்கே அவனுக்கும் அவருக்கும் ஒரே சுட்டுச்சொல். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: முந்நூறு வயதுக் காட்டேரி அரசன் ‘அவனா’, ‘அவரா’?

பெரும்பாலும் நாயகன் அவன், நாயகி அவள், அப்பா அவர் என்று கை தானாக எழுதிவிடும். பாதகமில்லை. ஆனால் கை எழுதியதை ஒருமுறை திரும்பிப் பாருங்கள், உங்கள் எதிர்வினையே அதில் இருக்கும். மேலே கதைச் சுருக்கத்தில் வின்சென்ட் அவளை ‘வளர்க்கிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறேன், முதல் பாகம் முடித்தபோது எடுத்த குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அவருடைய பழைய வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, யாருக்கு என்ன செய்தார், மகளிடம் எதையெல்லாம் மறைத்தார் என்று. அதை முடித்த இரவு எடுத்த குறிப்பைப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘அவன்’ என்று எழுதியிருக்கிறேன், நான் கவனிக்கவே இல்லை. கடைசி அத்தியாயங்களுக்கான குறிப்பில் மறுபடி ‘அவர்’. ஒராயா தன் அப்பாவோடு மனசுக்குள் சண்டை போட்டு, வெறுத்து, மறுபடி அழுத வழியிலேயே என் கையும் போய் வந்திருக்கிறது. எதிர்வினையில் நான் வெளியிட்டது கடைசியில் இதைத்தான், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். நீங்களும் உங்கள் குறிப்பில் தேடிப் பாருங்கள், எங்கே ஒருமைக்கு இறங்கினீர்கள், எங்கே பன்மைக்கு ஏறினீர்கள் என்று.

பெயர்ச்சொல் விஷயமும் இருக்கிறது. வாம்பயரை என்ன என்று எழுதுவது? இரத்தக்காட்டேரி என்று பல காலமாக எழுதி வருகிறோம், தலைப்பில் நானும் காட்டேரி என்றுதான் போட்டேன், சட்டென்று புரிகிற சொல் அதுதான். ஆனால் காட்டேரி நம் ஊர்ப்புறத்தில் பயமுறுத்தும் ஆவி மட்டும் இல்லை, காட்டேரி அம்மன் என்று பொங்கலிட்டுக் கும்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அது குலதெய்வம். ஆகவே நான் கதைமாந்தரைச் சொல்லும்போது வாம்பயர் என்றும், அந்த இனத்தையோ வகையையோ பொதுவாகச் சொல்லும்போது காட்டேரி என்றும் எழுதிப் பழகியிருக்கிறேன். உங்களுக்கு வேறு வசதி இருந்தால் அப்படியே செய்யுங்கள், ஒரே எதிர்வினைக்குள் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பாமல் இருந்தால் சரி. டிராகுலா என்று மட்டும் பொதுப்பெயராக எழுத வேண்டாம், அது பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலின் ஆள், ஒரு தனிப் பிரபுவின் பெயர்.

பகையில் தொடங்கும் காதல், மெல்லக் கனியும் காதல், விதி சேர்த்த ஜோடி, இதெல்லாம் தமிழில் அழகாகவே வருகின்றன. கிளிஃப்ஹேங்கருக்கு ‘அந்தரத்தில் விட்டுவிட்டார்’ என்று எழுதிப் பாருங்கள், வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்த அத்தைக்கும் புரியும்.

முடிச்சை அவிழ்க்காமல் சொல்வது

இரண்டாம் பாகத்துக்கு எழுதும்போது நீங்கள் இரண்டு புத்தகத்தின் ரகசியத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள், இதை மறந்துவிடுவது ரொம்பச் சுலபம். இரண்டாவதின் முடிவைக் கவனமாக மறைத்துவிட்டு முதல் வரியிலேயே முதலாவதின் முடிவைப் போட்டு உடைத்துவிடுவோம். எச்சரிக்கை வரியில் எந்தப் பாகத்தின் ஸ்பாய்லர் என்று பிரித்துச் சொல்லுங்கள். நானே மேலே அப்படி ஒரு பத்தியைத் தாண்டச் சொன்னேன், ஒரே பத்திக்குள் அடக்கிவிட்டால் தாண்டுகிறவருக்கும் சிரமமில்லை.

இன்னொன்று, மறைமுகமாக உடைப்பது. “கவலைப்படாதீங்க, கடைசியில் எல்லாம் சரியாகிடும்” என்பதும் ஸ்பாய்லர்தான், “கடைசி முப்பது பக்கத்துக்கு டிஷ்யூ வெச்சுக்கோங்க” என்பதும் ஸ்பாய்லர்தான். ஆனால் காதல் நாவல் படிக்கிறவர்களில் ஒரு பெரிய பகுதிக்கு ஜோடி சேருமா என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், அந்த உறுதி இல்லாமல் அவர்கள் புத்தகத்தையே தொட மாட்டார்கள், அதற்கும் மரியாதை கொடுக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: இந்த ஜோடியின் கதை இந்தப் பாகத்தோடு முடிகிறதா, அடுத்த பாகம் வரும்வரை அந்தரத்தில் தொங்க வேண்டுமா என்பதை மட்டும் வெளிப்படையாக எழுதிவிடுவேன். நயாக்ஸியா தொடரில் ஒராயா ரைன் கதை இரண்டு பாகத்தில் நிறைவடைகிறது என்று தெரிந்தால் ஒருவர் நிம்மதியாகத் தொடங்கலாம். எப்படி நிறைவடைகிறது என்பது அவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

நட்சத்திரம்

வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் 2 நட்சத்திரத்துக்குப் பரவாயில்லை என்றும் 3 நட்சத்திரத்துக்குப் பிடித்தது என்றும்தான் பொருள், ஆனால் வாசகர்கள் பழக்கத்தில் 3 என்றால் சுமார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் போடாமல் முதல் பாகத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதலுக்கு 5, இதற்கு 3 என்றால் ஒரு செய்தி. முதலுக்கு 3, இதற்கு 3 என்றால் வேறு செய்தி. பாதியில் நிறுத்தியிருந்தால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள், நட்சத்திரம் போடாதீர்கள், படிக்காத பாதிக்கு மதிப்பெண் கொடுக்க நமக்கு உரிமையில்லை என்பது என் கட்சி.

எழுத்தாளர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுவதும் நல்லது. ஆன் ரைஸ் 2003-ல் வெளியிட்ட ‘ப்ளட் கேன்டிகில்’ நாவலைத் திட்டி வாசகர்கள் அமேசானில் எழுதியபோது, 2004-ல் அவரே அங்கே வந்து நீளமாக, கோபமாகப் பதில் எழுதினார். அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் பேசலாம், எனக்கு அதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு உலகத்தோடு வாழ்ந்த ஒருவரின் வலி அது. அதற்காகக் குறையைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “இந்தப் புத்தகத்தில் நடுப்பகுதி நகரவில்லை” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியும். “காசுக்காக எழுதித் தள்ளிட்டாங்க” என்று சொல்ல முடியாது, நமக்கு அது தெரியவும் தெரியாது. குறை சொல்லும் பதிவில் ஆசிரியரின் பெயரை இணைத்து அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட வேண்டாம். அது வாசகர்கள் பேசிக்கொள்ளும் இடம்.

எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்

“செம்ம ஏமாற்றம், முதல் பாகம் மாதிரி இல்லவே இல்லை, ஒரே அரசியல், ரைன் வேஸ்ட்” என்று நாலு சொல்லில் முடித்துவிடலாம். அதே மனநிலையை இப்படியும் எழுதலாம்:

“முதல் பாகத்தை நான் ஒராயாவும் வின்சென்ட்டும் பேசிக்கொள்ளும் காட்சிகளுக்காகப் படித்தேன், காதல் அதற்கு அடுத்துதான். இரண்டையும் ஒன்பது மாத இடைவெளியில் படித்தேன். முதல் பாதியில் துக்கத்தை அவசரப்படுத்தாமல் எழுதியிருக்கிறார், சில இடங்களில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். படை திரட்டும் பகுதிகளில் இரண்டு இடத்தில் பக்கம் தாவினேன். ரைன் தன் வாயால் பேசுவது அவனைப் புரிய வைத்தது, ஆனால் அவன் என்ன நினைக்கிறானோ என்ற தவிப்பு போய்விட்டது, எனக்கு அது இழப்பு. போர், ரத்தம், பழைய பாலியல் வன்முறையின் நினைவுகள் வருகின்றன, பெரியவர்களுக்கான புத்தகம். ஜோடியின் கதை இதோடு முடிகிறது. முதலுக்கு 5, இதற்கு 4. போட்டியின் வேகம் வேண்டும் என்பவர்கள் இதில் 3 கூடக் கொடுக்க மாட்டார்கள்.”

பெரிய எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம், ஆனால் தனக்கு இது ஆகுமா ஆகாதா என்று படிப்பவர் முடிவெடுத்துவிட முடியும். பிடிக்காததை முதலில் போட வேண்டுமா கடைசியில் போட வேண்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் குறிப்பில் எது முதலில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள், படித்த அனுபவமும் அந்த வரிசையில்தானே வந்தது.

வெளியிட்ட பிறகு யாராவது வந்து “நீங்க புரிஞ்சுக்கவே இல்லை” என்பார்கள். அவர் முதல் பாகத்தை எதற்காகப் படித்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சண்டை அங்கேயே நின்றுவிடும், இல்லாவிட்டால் நல்ல பேச்சாக மாறிவிடும், எனக்கு இரண்டு நெருங்கிய தோழிகள் அப்படித்தான் கிடைத்தார்கள்.

தொடரின் அடுத்த புத்தகம் வந்த பிறகு பழைய எதிர்வினையைத் திறந்து பாருங்கள். அழித்துத் திருத்தி எழுத வேண்டாம், கீழே தேதி போட்டு ஒரு வரி சேருங்கள். நயாக்ஸியா தொடரின் மூன்றாவது புத்தகம் 2024-ல் வந்தது, அதன் நாயகி மிஷே, ரைனின் தோழியாக முதல் இரண்டு பாகங்களிலும் கூடவே வந்தவள். இரண்டாம் பாகத்துக்கு நான் எழுதியதில் அவள் பெயரே இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தால், நான் தாவியதாகக் குறித்து வைத்திருந்த பக்கங்களில் அவள் இருந்தாள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்து தேதி போட்டு எழுதினேன்: மிஷேவைக் கவனித்துப் படியுங்கள், நான் கவனிக்கவில்லை.